சீபின் வி5: மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒத்துவருமா?

தண்ணீரில் மிதக்கும் குப்பையைப் பிடிக்கும் இந்தக் கருவியை உல்லாசப் படகுகள் நிற்கும் மெரினாவுக்கு வாங்கலாம். விசைப்படகுகள் அடுக்கடுக்காகக் கட்டிக் கிடக்கும் காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகத்துக்கு இது முதலில் வாங்க வேண்டிய சாமான் அல்ல. ஆனால் சுற்றுச்சூழல் திட்டம் போடும்போது இந்த மாதிரிக் கருவிக்குத்தான் கவர்ச்சி அதிகம். உண்மையில் உதவும் கழிவு எண்ணெய் பீப்பாயைப் படம் எடுத்து அறிக்கையின் அட்டையில் யார் போடப் போகிறார்கள்?

ஆஸ்திரேலியர்களான ஆண்ட்ரூ டர்ட்டனும் பீட் செக்லின்ஸ்கியும் உருவாக்கிய மிதக்கும் குப்பைத்தொட்டிதான் சீபின். மேலே திறந்த உருளை. அதன் விளிம்பு நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே நிற்கும். அடியில் உள்ள மின்சாரப் பம்ப் இழுக்க இழுக்க, மேல்மட்டத் தண்ணீர் விளிம்பைத் தாண்டி உள்ளே விழும். மிதந்து வந்தது வலைப்பையில் தங்கும், தண்ணீர் கீழ்வழியே வெளியேறும். பை 20 கிலோ கொள்ளும். 2 மில்லிமீட்டர் துணுக்குவரை சிக்கும் என்கிறது நிறுவனம். பம்ப் 500 வாட், மணிக்கு 25,000 லிட்டர்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. கணக்குப் போட்டால் நொடிக்கு 7 லிட்டர்தான். 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலமுள்ள படகுக்குளத்தில் மேலாக 5 சென்டிமீட்டர் தண்ணீரை மட்டும் எடுத்தாலே 1,000 கனமீட்டர். அதை ஒருமுறை இழுத்து முடிக்க 40 மணி நேரம் ஆகும். அதுவும் குப்பை தானாக வாயருகே வந்தால். பத்து மீட்டர் தள்ளி மிதக்கும் பாட்டிலை இந்தப் பம்பால் இழுக்க முடியாது. காற்றும் நீரோட்டமும்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஆகவே இடம் பார்த்து வைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தென்மேற்குக் காற்றில் குப்பை வடகிழக்கு மூலையில் ஒதுங்கும். வாடை தொடங்கியதும் எதிர் மூலைக்குப் போய்விடும். பருவத்துக்குப் பருவம் இடம் மாற்ற வழி வைக்காவிட்டால், பாதி வருஷம் அது வெறும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருக்கும்.

அடுத்த சிக்கல் பொருத்துவது. கடல்மட்டத்தின் ஏற்றவற்றத்தோடு ஏறி இறங்கும் மிதவைத் தளத்தில் கட்டத்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். நம் ஊர் மீன்பிடித் துறைமுகங்களில் இருப்பதோ அசையாத கான்கிரீட் சுவர். சென்னையில் பெரிய ஏற்றவற்றமே சுமார் 1 மீட்டர்தான் என்று நினைத்து நேராகச் சுவரில் போல்ட் போட்டால், வற்றத்தில் விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்து பம்ப் காற்றை இழுக்கும். ஏற்றத்தில் தொட்டியே மூழ்கி, பிடித்து வைத்தது மறுபடி மிதந்து வெளியே போகும். தனி மிதவை, அது வழுக்கி ஏறி இறங்க இரண்டு கம்பம், படகு இடிக்காமலிருக்கச் சுற்றிலும் பழைய டயர், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்கே கரண்டை அணைத்துவிடும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச். இவற்றையெல்லாம் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். கரண்ட் பில் பயப்படும்படி இருக்காது, நாளுக்கு 12 யூனிட். நிறுவனம் சொல்லும் சராசரி வரத்து நாளுக்கு 3.9 கிலோ, கிலோவுக்கு 3 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். செலவு வைப்பது பையைக் கொட்டி அலசும் ஆள்கூலி.

அந்த ஆள் மீன்பிடித் துறைமுகத்தில் அடிக்கடி வர வேண்டியிருக்கும். இங்கே மிதப்பது வேறு சரக்கு: ஐஸ் பெட்டியிலிருந்து பெயர்ந்த தெர்மாகோல், பாலித்தீன் கவர், நைலான் வலைத் துண்டு, மீன் குடல், செதில். விரிந்த கவர் ஒன்று வாயில் படிந்தால் போதும், அன்றைய வேலை அதோடு நின்றது. செதிலும் மீன் கொழுப்பும் பையின் கண்களை அடைக்கும். தண்ணீர் இறங்காமல் பம்ப் வறண்டு சூடேறும். வெதுவெதுப்பான நம் கடலில் சில வாரங்களிலேயே கொட்டலசு என்ற ஓட்டுயிர் ஒட்டிக்கொள்வதால், உருளையைத் தூக்கிச் சுரண்டுவதையும் வேலைப் பட்டியலில் எழுதி வைக்க வேண்டும்.

தென்மேற்கு இங்கிலாந்தின் ஒரு படகுத்துறையில் இதைச் சோதித்த ஆய்வு 2022ல் வெளிவந்தது. தொட்டி நாளுக்குச் சராசரியாக 58 குப்பைத் துண்டுகளைப் பிடித்தது. பெரும்பாலும் பிளாஸ்டிக் குருணை, தெர்மாகோல் உருண்டை, உடைசல். கூடவே நாளுக்கு 13 கடலுயிர்கள் சிக்கின, எடுக்கும்போது பாதி செத்திருந்தன. மிதவையிலோ படகிலோ நின்று கைவலையால் அள்ளியவர்கள் இதைவிட அதிகம் எடுத்தார்கள் என்பதுதான் அந்த ஆய்வில் நமக்கு வேண்டிய வரி.

எண்ணெயையும் எடுக்கும் என்பதை நம்பி வாங்க வேண்டாம். உறிஞ்சு பஞ்சு வைத்தால் மேலே படரும் மெல்லிய டீசல் படலம் கொஞ்சம் குறையும். பஞ்சு ஊறி நிறைந்த பிறகு வரும் எண்ணெயைப் பம்ப் தண்ணீரோடு கடைந்து கீழே அனுப்பிவிடும். பிறகு பிரிப்பது இன்னும் கஷ்டம். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய் கெட்டிப்பட்டுக் கரையில் ஒதுங்கியபோது ஆட்கள் வாளியால்தான் அள்ளினார்கள். அந்த மாதிரிச் சரக்கிடம் இந்தத் தொட்டி நிற்கவே நிற்காது.

அதே பணத்தில் முதலில் செய்ய வேண்டியவை வேறு. ஏலம் முடிந்ததும் சுற்றிவர ஒரு ஃபைபர் படகு, இரண்டு ஆள், நீளக் காம்பு வலை. ஏலக்கூடத்தைக் கழுவும் தண்ணீர் குளத்தில் விழும் இடத்தில் கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய சல்லடை. என்ஜின் ஆயில் மாற்றும் இடத்தில் 200 லிட்டர் பீப்பாய். கவிழ்ந்தாலும் கசிவு வெளியே போகாதபடி அதன் அடியில் குறைந்தது 220 லிட்டர் கொள்ளும் தொட்டி. அள்ளுவதைக் கருவிதான் செய்ய வேண்டுமென்றால், அமெரிக்காவின் பால்டிமோரில் 2014 முதல் ஓடும் குப்பைச் சக்கரத்தைப் பாருங்கள், சக்கரம் சுழன்று குப்பையை அள்ளி ஏற்றும் இயந்திரம் அது. அதை ஓடை வந்து துறைமுகத்தில் சேரும் வாயிலேயே வைத்து, மிதவைத் தடுப்பால் குப்பையை அதன் பக்கம் திருப்புகிறார்கள். சீபினோ, குப்பை உள்ளே பரவிய பிறகு காத்திருக்கிறது.

இதற்கு மேலும் பணம் இருந்தால், படகு போக்குவரத்து இல்லாத, மிதவைத் தளம் உள்ள ஒரு மூலைக்கு ஒன்று வாங்கலாம். துப்புரவுக்கு என்பதைவிட அளந்து பார்க்க அது உதவும். காலையும் மாலையும் பையைக் கொட்டி, உயிரோடு இருப்பதை உடனே தண்ணீரில் விட்டுவிட்டு, பாசியையும் மீன் கழிவையும் ஒதுக்கி, பிளாஸ்டிக்கை உலர்த்தி எடை போடுங்கள். ஈரத்தோடு எடை போட்ட கணக்கு எதற்கும் உதவாது. தெர்மாகோலை எடையில் சேர்க்காமல் தனியாகக் கனஅளவில் குறியுங்கள். விற்பவரிடம் உதிரிப் பை, பம்ப் சீல் இரண்டும் இந்தியாவில் எத்தனை நாளில் கைக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள்.