குரோம்பேட்டை வீட்டில் எட்டரை ஆண்டுகள்: எலிப்பொறியிலிருந்து கொத்தனார் வரை

1974-இல் கட்டப்பட்ட எங்கள் குரோம்பேட்டை வீட்டுக்கு, 2015 டிசம்பர் வரையில் எலி எப்போதாவது வந்து போகும் விருந்தாளியாகத்தான் இருந்தது. அந்த மாத முதல் வாரத்து வெள்ளத்தில் தெருவின் மழைநீர்க் கால்வாயும் எங்கள் கொல்லையும் ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தபோது, மண்ணுக்கடியில் வளை வைத்திருந்தவை எல்லாம் மேட்டைத் தேடின. எங்கள் தெருவில் மேடு என்றால் வீடுகள்தாம். தண்ணீர் வடிந்தது, வந்தவை திரும்பவில்லை. அன்று தொடங்கி வாங்கியது, வைத்தது, பூசியது அனைத்தையும் தேதியோடும் விலையோடும் ஒரு நோட்டில் குறித்து வந்திருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் கணக்கெழுதிய கைக்கு அது பழக்கம். எலி விஷயத்தில் ஒரு பொருளை வாங்கிய வாரத்திலேயே எழுதும் மதிப்புரை எதற்கும் உதவாது. ஆறு மாதம் கழித்து அந்தப் பொருள் எங்கே கிடக்கிறது, எலி எங்கே இருக்கிறது என்று பார்த்துத்தான் எழுத வேண்டும்.

எங்கள் முதல் தவறு, வந்திருப்பது எது என்று பார்க்காமலே பொறி வாங்கியதுதான். சமையலறை அலமாரியில் சீரகம் போலப் புழுக்கை போடும் சுண்டெலி வேறு. உடலைவிட நீண்ட வாலோடு ஒயரிலும் மரக்கிளையிலும் நடந்து பரணுக்கு வரும் வீட்டெலி வேறு. அடித்தளத்தின் ஓரம் மண்ணைக் குவித்து வைத்துச் சாக்கடை வழியே நடமாடும் பெருச்சாளி முற்றிலும் வேறு. பென்சில் நுழையும் இடைவெளி சுண்டெலிக்குப் போதும், கட்டைவிரல் நுழையும் துளை வீட்டெலிக்குப் போதும். நான்காவதாக, சுவரோரம் கீச்சிட்டபடி ஓடும் மூஞ்சூறு கொறிக்கும் விலங்கே அல்ல. கரப்பான்பூச்சியையும் புழுவையும் தின்று வாழ்வது. பிள்ளையாரின் வாகனம் என்று என் மாமியார் அதைத் தொடவிட மாட்டார். அவர் காரணம் வேறாக இருந்தாலும், விட்டுவைத்தது சரியான முடிவே. அதன் நாற்றத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் கடினம்.

பொறிகளில் மரப்பெட்டி, கம்பிக் கூண்டு, கழுத்தை நெரிக்கும் விசைப்பொறி ஆகிய மூன்றையும் பயன்படுத்தினோம். சுண்டெலிக்கு விசைப்பொறி நன்றாகவே வேலை செய்தது. சுண்டெலி புதுப்பொருளைக் கண்டால் கிட்டே போய் முகர்ந்து பார்க்கும். வீட்டெலியோ வழக்கமான பாதையில் புதிதாக ஒன்று முளைத்தால் நாட்கணக்கில் அதைச் சுற்றிக்கொண்டு போகும். இது தெரியாமல் முதல் நாளே மசால்வடையை மாட்டி விசையை ஏற்றி வைத்துவிட்டு, விடிந்ததும் வடை காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் பொறியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். விசையை ஏற்றாமல் நான்கு இரவுகள் வெறும் தீனியை மட்டும் வைத்துத் தின்னப் பழக்கி, ஐந்தாம் இரவு ஏற்றியதும் ஒரே வாரத்தில் மூன்று சிக்கின. தீனியாக மசால்வடையைவிடச் சுட்ட தேங்காய்ச் சில்லு மேல். வாசம் விரைவில் போகாது, எறும்பும் குறைவாக வரும். பொறியை அறை நடுவில் வைப்பது வீண். எலி சுவரை உரசிக்கொண்டே ஓடும் பிராணி, ஆகவே பொறியின் வாய் சுவரை ஒட்டியே இருக்க வேண்டும்.

கூண்டில் பிடித்ததைக் கொல்ல மனம் வராமல், என் கணவர் ஸ்கூட்டரில் கூண்டை வைத்துக்கொண்டு தெருக்கோடிக் காலிமனையில் விட்டு வந்தார். வலது காதில் ஒரு கிழிசல் இருந்த எலி அது. மூன்றாம் நாள் காலை அதே கூண்டில் அதே கிழிந்த காது. இன்னும் தொலைவில் விட்டிருக்கலாம் என்று அவர் சொன்னார். அப்போது அது வேறொருவர் வீட்டுக்குப் போயிருக்கும் என்பதைத் தவிர அதில் வேறு நன்மை எனக்குத் தெரியவில்லை.

மருந்துக் கதையை மறைக்காமல் சொல்கிறேன். கடையில் ‘எலி கேக்’ என்று கேட்டால் தருவது பெரும்பாலும் புரோமடயலோன் கலந்த தீனி. ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே உடலில் மறுபடி பயன்படாமல் தடுத்து, உள்ளுக்குள் ரத்தம் கசியச் செய்து, சில நாட்கள் கழித்துக் கொல்லும். உடனே சாகாததால் மற்ற எலிகளுக்குத் தீனியின்மேல் சந்தேகம் வருவதில்லை. விற்பவர் சொல்லும் இந்தச் சிறப்பே வீட்டுக்காரருக்குத் தலைவலி, ஏனென்றால் தின்ற எலி எங்கே போய்ச் சாகும் என்பது நம் கையில் இல்லை. 2017 ஏப்ரலில் கூடத்தில் எழுந்த நாற்றத்துக்கு ஒன்பது நாட்கள் இடம் தேடினோம். மின்விசிறியை நிறுத்தி, அறை அறையாக மூக்கைப் பிடித்து, கடைசியில் பரணில் கவிழ்த்து வைத்திருந்த பாட்டி காலத்துப் பித்தளை அண்டாவை நிமிர்த்தியபோது அது கிடைத்தது. தப்பித்துப் போன குளிர்ச்சியான இடத்தில், பழைய சேலைத் துணிக்குள் சுருண்டபடி. அன்றோடு வீட்டுக்குள் மருந்து வைப்பதை விட்டோம். செத்த எலியைத் தின்னும் பூனைக்கும் கூகைக்கும் அதே விஷம் போய்ச் சேர்கிறது என்பது இன்னொரு காரணம். மஞ்சள் பாஸ்பரஸ் பசையை நாங்கள் தொட்டதில்லை. கல்லீரலை அழித்து மனித உயிரை அது எத்தனை வீடுகளில் வாங்கியிருக்கிறது என்பது தமிழ்நாட்டில் யாரும் அறிந்ததே, அதன் விற்பனைக்கு அரசு தடை விதித்ததும் அதனால்தான். பசை அட்டையை ஒரே ஒரு முறை வைத்தோம். அதில் ஒட்டிய எலி விடிய விடிய கத்தியதைக் கேட்ட பிறகு அடுத்த அட்டையைப் பிரிக்க யாருக்கும் கை வரவில்லை. அதில் முதலில் ஒட்டியிருந்தது ஒரு பல்லி.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கும், பிளக்கில் செருகும் மீயொலிக் கருவி இரண்டு வாங்கினோம், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். அந்த ஒலி சுவரையோ பீரோவையோ தாண்டாது, எலியும் சில நாட்களில் பழகிவிடும். அமெரிக்க வணிக ஆணையம் 2001-லேயே இத்தகைய கருவிகளைத் தயாரித்தும் விற்றும் வந்த அறுபதுக்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு, ஆதாரமின்றி விளம்பரம் செய்யக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருந்ததை வாங்கிய பிறகே படித்தேன். நாப்தலின் உருண்டை எங்களுக்குத் தலைவலி தந்தது, எலிக்குத் தரவில்லை. காரின் பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு தொங்கவிடுவது இரண்டு வாரம் பலனளித்தது போலிருந்தது. மணம் குறைந்ததும் ஒயர் மறுபடி அறுந்தது.

ஆண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு நிறுவனத்தை அமர்த்திப் பார்த்ததையும் சேர்க்க வேண்டும். மாதந்தோறும் சீருடையில் இருவர் வருவார்கள், மூலைகளில் இருக்கும் கறுப்புப் பெட்டிகளில் தீனியை மாற்றுவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். பதினொரு மாதத்தில் ஒருமுறைகூட ஏணி போட்டுக் கூரையைப் பார்க்கவில்லை, ஒரு துளையைக்கூட எங்களுக்குக் காட்டவில்லை. எலி குறைந்தது உண்மை. ஒப்பந்தம் முடிந்த மூன்றாம் மாதம் பழைய நிலைக்கு வந்ததும் உண்மை. உள்ளே இருப்பதைக் கொன்றுகொண்டே இருந்தால் வெளியே இருப்பதற்கு இடம் காலியாகிறது, அவ்வளவே. மூன்று வாரம் சினையிருந்து ஆறேழு குட்டி போடும் பிராணியோடு எண்ணிக்கையில் போட்டியிட முடியாது.

திருப்பம் வந்தது மின்கசிவால். 2019 பிப்ரவரியில், மின்கசிவு இருந்தால் இணைப்பைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. சுவிட்ச் தினமும் விடிகாலையில் விழத் தொடங்கியது. எலக்ட்ரீசியன் பரணில் ஏறி, பழைய மரப்பட்டி ஒயரிங்கில் ஒரு முழ நீளத்துக்குச் செம்பு பளபளவென்று தெரிவதைக் காட்டினார். அதன் அடியில் உலர்ந்த தென்னை நார்க் கூடு. தீப்பிடிக்காமல் இருந்தது நல்ல காலம். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால், பசிக்காவிட்டாலும் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும்.

அன்றிரவு பரண் முழுவதும் கோலப்பொடியைத் தூவினேன். அரிசி மாவாக இருந்தால் நக்கிவிடும், ஆகவே கல்மாவு. காலையில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தபோது, முன்காலுக்கு நான்கு விரல், பின்காலுக்கு ஐந்து விரல், நடுவே வால் இழுத்த கோடு என்று ஒற்றையடிப் பாதை போல ஒரே வரிசை தெரிந்தது. அது வென்டிலேட்டர் மூலைக்குப் போய், உடைந்திருந்த சிமென்ட் ஜாலியின் வழியே வெளியேறி, கேபிள் ஒயரைத் தொட்டு, பக்கத்து வீட்டு மாங்கிளையில் முடிந்தது. அந்த ஒயரின் அடியில் சுவரில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கரும்பட்டை. ஆண்டுக்கணக்கில் உடல் உரசிய தடம். மூன்று ஆண்டுகளுக்கு மேலாக அந்தச் சுவரை நான் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு வந்த கொத்தனாரிடம் எலி பற்றி எதுவும் சொல்லாமல் துளைகளை அடைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, “ஏம்மா, இது வீட்டு வேல இல்ல, எலி வேல. ராத்திரி எல்லா லைட்டையும் போட்டுட்டு வெளிய நின்னு பாருங்க, எங்கெல்லாம் வெளிச்சம் கசியுதோ சாக்பீஸால குறிங்க, நாளைக்கு வரேன்” என்று போய்விட்டார். குறித்தேன்: பத்தொன்பது இடங்கள். வென்டிலேட்டர்கள், பழைய ஏ.சி. குழாய்த் துளை, ஈ.பி. ஒயர் நுழையும் இடம், பின்கட்டின் மங்களூர் ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்து, கொல்லைக் கதவின் அடி.

துளையை உடனே அடைக்கக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. ஒவ்வொன்றிலும் செய்தித்தாளைத் திணித்து இரண்டு இரவு விட்டோம். நான்கில் மட்டும் தாள் தள்ளப்பட்டிருந்தது. மற்ற பதினைந்தையும் முதலில் அடைத்து, நடமாட்டமுள்ள நான்கின் முன் பொறி வைத்து, பத்து நாள் எதுவும் சிக்காத பிறகே அவற்றை மூடினோம். முறை மாறினால் உள்ளே மாட்டிய எலி அண்டாவுக்குள்தான் போய்ச் சேரும். வென்டிலேட்டருக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்பு வலை. பிளாஸ்டிக் கொசுவலையை எலி ஒரே இரவில் கிழிக்கும். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளிக்குப் பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து அதன்மேல் சிமென்ட். ஏ.சி. மெக்கானிக்குகள் அடிக்கும் மஞ்சள் நுரையை எலி பஞ்சு போலக் குடைந்துவிடும். அடித்தள வளைகளில் உடைத்த கண்ணாடிச் சில்லு கலந்த கலவை, நம் ஊர்ப் பழைய வழி, இன்றுவரை அந்த இடங்களில் புதுமண் குவியவில்லை.

பெருச்சாளிக்கான விடை கொல்லையில் இருந்தது. பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தபின் கைவிட்ட செப்டிக் டேங்கை மூடிபோட்டு மறந்திருந்தோம். அதன் நுழைகுழாய் அப்படியே குளியலறைத் தரைக்கடியில் திறந்திருந்தது. பெருச்சாளிக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது: ஈரம், இருட்டு, தனிவழி. டேங்கைக் கட்டட இடிபாட்டாலும் மணலாலும் நிரப்பி, குழாயின் இரு முனைகளையும் அடைத்தோம். பழைய புறநகர் வீட்டுக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஒன்றையே: பயன்படாத குழாய் எது, அது எங்கே போகிறது என்று தேடுங்கள். மொத்தச் செலவு இருபத்து மூவாயிரம் ரூபாய். அதற்கு முன் பொறிக்கும் மருந்துக்கும் ஒப்பந்தத்துக்கும் கருவிக்கும் கொடுத்தது முப்பத்தோராயிரம்.

அடைத்தபின் மிச்சமிருந்தது தீனி. தென்னையில் தரையிலிருந்து ஏழடி உயரத்தில் ஒன்றரை அடி அகலத் தகரப்பட்டை சுற்றியதும் கொறித்த குரும்பை விழுவது நின்றது. கடினமாக இருந்தது காக்கைச் சோறு. மாமியார் தினமும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைக்கும் சோற்றில் காக்கை விட்டது இரவில் எலிக்கு என்பதை அவரிடம் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து பிடியளவாகக் குறைத்து, மாலையில் தாமே ஏறிப்போய் இடத்தைக் கழுவிவிட்டு வருகிறார்.

பரணைச் சுத்தம் செய்ததில் ஓர் எச்சரிக்கை. புழுக்கையை உலர்ந்தபடி துடைப்பத்தால் பெருக்கக் கூடாது, தூசி மூச்சில் ஏறும். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைத் தெளித்து, ஊறவிட்டு, கையுறையோடு துணியால் எடுத்தோம். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் ஈரமண்ணிலும் இருந்து கால் புண் வழியே ஏறக்கூடியது. வெள்ளம் வடிந்த தெருவில் வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று சொல்வது அதனாலேயே.

இத்தனைக்கும் சோதனை 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வந்தது. தெருவில் முழங்கால் அளவு நீர் இரண்டு நாள் நின்றது. திண்ணையில் ஒரு பெருச்சாளி நனைந்து உட்கார்ந்திருந்ததை ஜன்னல் வழியே பார்த்தோம்; வீட்டுக்குள் ஒன்றும் வரவில்லை. கொல்லைக் கதவின் அடியில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பட்டையின் ஓரம் மட்டும் ஓரங்குலம் கடிபட்டிருந்தது. அதன்மேல் அலுமினியப் பட்டை அடித்தோம்.

கடந்த மே மாதம் ஏ.சி. மாற்ற வந்தவர், பழைய துளை வளைந்திருக்கிறது என்று அதன் பக்கத்தில் புதிதாக ஒன்று போட்டார். பழையதற்கு மஞ்சள் நுரையை எடுத்தபோது அவர் கையைப் பிடித்து நிறுத்தி, அடுக்களையிலிருந்து கம்பிநாரையும் டப்பாவில் எப்போதும் வைத்திருக்கும் சிமென்ட்டையும் கொண்டுவந்து கொடுத்தேன்.