பழைய மின்னஞ்சல்களை மாற்ற: ஐமேப் வழியா, கோப்பு வழியா?

விண்டோஸில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த கடிதங்களை மேக்குக்கோ லினக்ஸுக்கோ கொண்டுபோக நான் நம்பும் வழிகள் இரண்டு.

முதலாவது ஐமேப்: கடிதங்களைச் சர்வரிலேயே வைத்து, எந்தக் கணினியிலிருந்தும் பார்க்க உதவும் முறை. பழைய கணினியின் அஞ்சல் நிரலில் ஐமேப் கணக்கைச் சேர்த்து, கடிதங்களைச் சர்வர் கோப்புறைக்கு இழுத்துவிட வேண்டும். புதிய கணினியில் அதே கணக்கைத் திறந்தால் எல்லாம் வந்து நிற்கும். மைக்ரோசாஃப்டின் அஞ்சல் நிரலான அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்பில் அடைபட்ட கடிதங்களுக்கு இதுவே சுலபம். ஆனால் சர்வரில் இடம் வேண்டும், இணையமும் வேகமாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, கோப்பையே நகலெடுப்பது. தண்டர்பேர்ட் என்ற இலவச அஞ்சல் நிரல் வழக்கமாக ஒரு கோப்புறையின் கடிதங்களை எல்லாம் எம்பாக்ஸ் வடிவில் ஒரே கோப்பாக வைக்கிறது. அதை எடிட்டரில் திறந்து பாருங்கள்: ஒவ்வொரு கடிதமும் ‘ஃப்ரம்’ என்ற சொல்லில் தொடங்கும், கடிதத்தோடு வந்த இணைப்புக் கோப்புகள்கூட எழுத்துகளாக மாறி உள்ளேயே இருக்கும். வெறும் எழுத்துக் கோப்பு என்பதால் இயங்குதளம் எதுவும் தடையில்லை. நிரலை மூடிவிட்டு நகலெடுங்கள். எம்எஸ்எஃப் என்று முடிபவை அட்டவணைகள்தான். விட்டுவிட்டாலும் புதிதாக உருவாகிவிடும். ஒன்று மட்டும் கவனம்: ஃபேட் 32 வடிவப் பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. ஒரு மாலை முழுவதும் எனக்கு அதில்தான் போனது. எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றியதும் தீர்ந்தது.

சில நூறு கடிதங்கள் என்றால் ஐமேப் போதும். பல ஜிபி என்றால் தயங்காமல் எம்பாக்ஸ். எதுவானாலும், மிகப் பழைய கடிதம் ஒன்றைப் புதிய கணினியில் திறந்து, இணைப்பு வருகிறதா, தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா என்று பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.