நெகட்டிவ் ஸ்கான் செய்ய பிளாட்பெட்டா, கமராவா? திருகோணமலையில் தூசிதான் தீர்மானிக்கிறது

வீட்டு அலுமாரியில் கிடந்த பழைய நெகட்டிவ்களைக் கணினியில் ஏற்ற நினைத்தபோது இரண்டு வழிகளை ஒப்பிட வேண்டியிருந்தது. பிலிமுக்கென மூடியில் விளக்குள்ள எப்சன் வி600 போன்ற, தட்டையான கண்ணாடியின் மேல் வைத்து வருடும் பிளாட்பெட் ஸ்கானரை வாங்குவது ஒன்று. டிஜிட்டல் கமராவுக்கு, சிறு பொருட்களை மிக அருகில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, வெள்ளை ஒளிப்பலகையின் மேல் நெகட்டிவை வைத்து ஒவ்வொரு சட்டமாக, அதாவது பிலிமிலுள்ள ஒவ்வொரு படமாக, எடுப்பது மற்றது. நான் ஸ்கானரையே வாங்கினேன். இவ்வூரில் என்னைக் கேட்பவர்களுக்கும் அதையே சொல்லி வருகிறேன்.

கூர்மையிலும் வேகத்திலும் கமராவே முந்துகிறது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. வி600 இன் விபரப் பட்டியலில் 6400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) என்று இருந்தாலும், அது உண்மையில் பிரித்துக் காட்டும் நுணுக்கம் ஏறத்தாழ 1600 டிபிஐ அளவிலேயே நின்றுவிடுகிறது. 35 மி.மீ. பிலிமின் ஒரு சட்டம் 24 x 36 மி.மீ. மட்டுமே என்பதால், அதிலிருந்து கிடைக்கும் பயனுள்ள விபரம் மூன்றரை மெகாபிக்சலைக்கூட எட்டாது. ஆயினும் 7 x 5 அங்குல அளவில் குடும்பப் படங்களை அச்சிட இது போதும். சுவரளவுக்குப் பெருப்பிக்க விரும்புபவர் கமராவையே நாட வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது தூசி. வெறுங்கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் நெகட்டிவ் துண்டொன்றைத் திரையில் பெருப்பித்துப் பார்த்தால் புள்ளியும் நாரும் கீறலுமாகவே இருக்கும். கச்சான் வீசும் மாதங்களில் யன்னலை மூடி வைத்தாலும் மேசையில் தூசி படிகிறது. வறண்ட காற்றில் பிலிமில் உண்டாகும் நிலைமின்னேற்றம் அத்தூசியை இழுத்து ஒட்ட வைத்துக்கொள்கிறது. மாரி தொடங்கிவிட்டால் ஈரம் வேறு விதத்தில் கெடுக்கிறது. பல மாரிகளை அலுமாரிக்குள்ளேயே கழித்த நெகட்டிவ்களில், ஜெலற்றின் படையை உணவாக்கி, பூஞ்சணம் மெல்லிய வேர்களைப் போலக் கிளைவிட்டுப் படர்ந்திருப்பதை ஒளிக்கு எதிரே பிடித்தால் காணலாம்.

வி600 இதற்கு அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. நிற நெகட்டிவின் சாயங்கள் அகச்சிவப்பைத் தடுப்பதில்லை. தூசியும் கீறலும் தடுக்கின்றன. ஆகவே வழக்கமான ஒளியில் ஒரு தடவையும் அகச்சிவப்பில் ஒரு தடவையும் வருடும்போது, இரண்டாவதில் பதிவாவது படமல்ல, அழுக்கு இருக்கும் இடங்கள் மாத்திரமே. டிஜிட்டல் ஐஸ் எனப்படும் மென்பொருள் அவ்விடங்களைச் சுற்றியுள்ள நிறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. சாதாரண கமராவின் உணரிக்கு முன்னால் அகச்சிவப்பை வெட்டும் வடிகட்டி இருப்பதால் இந்த உதவி அதில் கிடைக்காது.

நண்பரொருவரின் கமராவை இரவல் வாங்கி ஒரே நெகட்டிவை இரு வழியிலும் எடுத்துப் பார்த்தேன். பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படம் அது. பெரியம்மாவின் கன்னத்திலிருந்து சேலைக் கரை வரைக்கும் ஒரு கீறல் இறங்கியிருந்தது. கமராப் படத்தில் கரையின் வேலைப்பாடு அழகாகத் தெரிந்தது, ஆனால் கீறலை அழித்து அந்த வேலைப்பாட்டை மீண்டும் ஒட்டவைப்பதிலேயே மாலைப்பொழுது போய்விட்டது. ஸ்கானர் அந்தச் சட்டத்துக்குச் சில நிமிடங்கள் எடுத்தது. கரை சற்று மென்மையாக வந்தாலும் கீறலின் சுவடே இல்லை. ஒரு படம் என்றால் கமராவின் பக்கம் நிற்கலாம். ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பையும் முடிக்க வேண்டும் என்றால், துப்புரவுக்குச் செல்லும் நேரம்தான் வேலை முடியுமா, பாதியில் நின்றுவிடுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த வாதம் கறுப்பு வெள்ளைக்குப் பொருந்தாது. அதில் படமே வெள்ளித் துணிக்கைகளால் ஆனது. வெள்ளி அகச்சிவப்பைத் தடுப்பதால் மென்பொருள் படத்தையே அழுக்கென்று எண்ணிவிடும். இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போல நிற பிலிமின் முறையில் கழுவப்படுபவை மட்டும் விதிவிலக்கு. பழைய ஸ்டூடியோ நெகட்டிவ்களே கையிலிருந்தால் கமரா வழி நியாயமானது. பூஞ்சணம் சாயப் படையையே தின்றுவிட்ட இடங்களை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.

பிளஸ்டெக் 8200ஐ என்ற பிலிம் ஸ்கானர் கூர்மை, அகச்சிவப்பு இரண்டையும் தருகிறது, ஆனால் 35 மி.மீ. பிலிமை மட்டுமே ஏற்கும்; எங்கள் வீட்டிலோ அதைவிட அகலமான 120 பிலிமும் உண்டு. அந்த ஸ்கானரைச் சிறிது நேரமே பாவித்திருப்பதால் இதற்கு மேல் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

வி600 இன் குவியம் மாற்ற முடியாதது. ஆகையால் சுருண்ட பிலிமின் நடுப்பகுதி மங்கிவிடும். துண்டுகளை உறையிலிட்டுக் கனமான புத்தகங்களுக்கு அடியில் சில நாட்கள் வைத்துத் தட்டையாக்கிக்கொள்வது அவசியம். பளபளப்பான பக்கம் கீழே, மங்கலான பக்கம் மேலே இருக்க வேண்டும். மழை பெய்து தூசி அடங்கிய காலை வேளை இவ்வேலைக்கு மிகவும் ஏற்றது; வேலை முடிந்ததும் நெகட்டிவ்களைச் சிலிக்கா ஜெல் இட்ட பெட்டிக்குள் உடனே வைத்துவிட வேண்டும்.

பாவித்த ஸ்கானரை வாங்குபவர் கண்ணாடியின் உட்புறத்தில் மங்கல் படிந்திருக்கிறதா என்று பார்ப்பதுடன், மூடியிலுள்ள பிலிம் விளக்கையும் ஒரு நிற நெகட்டிவை வைத்துச் சோதித்தே பணம் கொடுக்க வேண்டும். எப்சன் வி39 போன்ற மெல்லிய ஆவண ஸ்கானர்களில் அந்த விளக்கே இல்லை. விலை குறைவென்று அவற்றை வாங்கினால் பிலிமுக்குப் பயன்படாது.