மல்லாட்டையா, மசாலா பாக்கெட்டா?

மாலை நாலரை மணிக்குப் பள்ளி விடும்போது என் மகனுக்கு அகோரப் பசி. அந்தப் பசிக்கு வேலூரில் எங்கள் சத்துவாச்சாரிப் பக்கம் மூன்று வழிகள் உண்டு. பள்ளி வாசலையொட்டிய பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் மசாலா சிப்ஸ் பாக்கெட். போகிற வழியில், கண்ணெதிரே சீவிப் பொரித்துத் தருகிற சிப்ஸ் கடை. வீட்டில் அவன் ஆயா, அதாவது பாட்டி, அவித்து வைத்திருக்கும் மல்லாட்டை. வெளியூரில் வேர்க்கடலை என்பார்கள். வட ஆர்க்காட்டில் எங்களுக்கு அது மல்லாட்டைதான்.

கலோரியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் ஏமாந்துபோவோம். 100 கிராம் சிப்ஸில் ஏறக்குறைய 540 கலோரி. வறுத்த மல்லாட்டையில் அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனால் புரதம் அதில் 6, 7 கிராம் என்றால் இதில் 25 கிராம் அளவுக்கு இருக்கிறது. அவித்ததில் தண்ணீர் ஏறிக்கொள்வதால் கலோரி 320 வாக்கில் நின்றுவிடுகிறது. புரதம் அப்போதும் 13 கிராம்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்புக்குப் பிறகு மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற தூள் வரும், சுவையூட்டிகளாக 627, 631 என்ற எண்கள் வரும். எந்த வீட்டு அஞ்சறைப்பெட்டியிலும் இவை கிடையாது. இப்படித் தொழிற்சாலையில் மட்டுமே உருவாக்க முடிகிறவற்றை மீப்பதப்படுத்திய உணவு என்று 2009-இல் பிரித்துக் காட்டியவர் பிரேசில் நாட்டு ஆய்வாளர் கார்லோஸ் மாண்டெய்ரோ. பத்து ஆண்டு கழித்து, 2019-இல், அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார். இரண்டு வாரம் மீப்பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரண உணவு. பரிமாறியவற்றில் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஒரே அளவு. வேண்டிய மட்டும் சாப்பிடலாம். மீப்பதப்படுத்திய உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடையும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக ஏறியது. அவர்கள் சாப்பிட்ட வேகமும் கூடியிருந்தது.

அந்த வேகத்தை நான் தினமும் பார்க்கிறேன். பைக்கில் ஏறி உட்கார்ந்து தெருமுனை திரும்புவதற்குள் பாக்கெட் காலி. விரலில் ஒட்டிய மசாலாவை நக்கிவிட்டு “இன்னொன்று அப்பா” என்பான். மல்லாட்டையில் அது நடக்காது. கட்டைவிரலால் ஓட்டை நசுக்க வேண்டும், உப்புத் தண்ணீர் மணிக்கட்டில் வழியும், உள்ளே இரண்டு பருப்பு இருக்கும். ஓடு உரிபடும் வேகத்தில்தான் வாயும் அசையும். இருபது காய்க்குள் தட்டைத் தள்ளிவிடுகிறான்.

கண்ணெதிரே பொரிக்கும் கடைச் சிப்ஸ் கிழங்கும் எண்ணெயும் உப்பும்தான். மீப்பதப்படுத்திய உணவு ஆகாது. ஆனாலும் திரும்பத் திரும்பக் காயும் எண்ணெய். வாரம் ஒருநாள் போதும்.

மல்லாட்டையிலும் குறை உண்டு. அவித்ததை வெளியில் வைத்தால் வேலூர் வெயிலில் மறுநாள் காலைக்குள் ஊசிவிடும். பச்சைக்காய் எல்லா மாதமும் வராது. வராதபோது காய்ந்த பருப்பை இரவே ஊறவைத்து வேகவைக்க வேண்டும். கறுத்ததும் சுருங்கியதும் கசப்பதும் பூஞ்சை பிடித்தவையாக இருக்கலாம், தயங்காமல் எறிந்துவிடுங்கள்.

ஆனால் மல்லாட்டையைத் தோற்கடிப்பது தூரம்தான். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் மாணவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2020-இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி போட்டுவிட்டது. பள்ளி வாசலிலிருந்து நான் நடந்து எண்ணினேன்: பதினெட்டாவது எட்டில் பெட்டிக்கடை. ஆயாவின் குண்டானோ இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால்.

கடைக்கார அக்காவிடம் கோபமாகத்தான் பேசப் போனேன். “பாக்கெட் மீந்தால் லைன் வண்டிக்காரர் மாற்றிக் கொடுக்கிறார் தம்பி. மல்லாட்டை மீந்தால் அந்த நஷ்டத்தை யார் தாங்குவது?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. பிள்ளைக்கு அறிவுரை சொல்லியே இரண்டு வருடத்தை வீணாக்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நான்கு வீட்டுக்காரர்கள் பேசி, வாரம் இரண்டு நாளுக்கு இருபது மல்லாட்டைப் பொட்டலத்துக்கு அந்த அக்காவிடம் முன்பணம் கொடுத்தோம். இப்போது செவ்வாயும் வெள்ளியும் நாலரை மணிக்கு, அந்தப் பாக்கெட் சரங்களுக்குக் கீழே குண்டானில் ஆவி பறக்கிறது. போன வெள்ளிக்கிழமை நான் தாமதமாகப் போனேன், குண்டான் காலி.