நாள்பட்ட வலிக்கு மசாஜ்: கழுத்துக்குக் கிடைத்ததும் காலுக்குக் கிடைக்காததும்

எனக்கு இரண்டு வலிகள். ஒன்று, கழுத்தடியிலிருந்து வலது தோள்பட்டை வரை இறங்கும் பிடிப்பு. நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பதற்குக் கிடைத்த கூலி அது. இன்னொன்று சயாட்டிகா. இடுப்பில் தொடங்கி, புட்டம், தொடையின் பின்பக்கம் வழியாகக் கெண்டைக்கால் வரை எரிந்துகொண்டே இறங்கும். இரண்டுக்கும் சேர்த்துப் பல வருடங்களாக மசாஜ் எடுத்துவருகிறேன். முதலாவது தசை வலி, இரண்டாவது நரம்பு வலி. "மசாஜ் வலிக்கு நல்லதா?" என்று யாராவது கேட்டால், எந்த வலிக்கு என்றுதான் திருப்பிக் கேட்கிறேன்.

கழுத்து விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, பலன் இருக்கிறது. தோளின் மேற்பகுதியில் கைவைத்தால் கயிறு போல இறுகிய ஓர் இடம் தட்டுப்படும். அதை அழுத்தினால் வலி அங்கே நிற்காமல் காதுக்குப் பின்னாலும் நெற்றிப்பொட்டிலும் தெரியும். மாலை நேரத் தலைவலியில் பாதி அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் புரிந்தது. இந்த மாதிரி இடங்களுக்கு 'ட்ரிகர் பாயிண்ட்' என்று பெயர். எந்தத் தசையை அழுத்தினால் வலி எங்கே போய்ச் சேரும் என்று பொறுமையாகப் படம் வரைந்து வைத்தவர் ஜேனட் ட்ராவல் என்ற அமெரிக்க மருத்துவர். முதுகுவலியால் அவதிப்பட்ட அதிபர் கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்தவரும் அவர்தான். அந்த முடிச்சுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. அழுத்தினால் இளகுகிறது என்பது மட்டும் என் தோளுக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் பலன் நீடிக்கவே இல்லை. அன்று மாலையும் மறுநாளும் கழுத்து லேசாக இருக்கும், அதற்கடுத்த நாள் பழையபடி ஆகிவிடும். வாரம் ஒரு முறை அரைமணி நேரம் போய்க்கொண்டிருந்த வரை இதே கதைதான். நேரத்தை ஒரு மணியாக்கி, வாரம் இரண்டு முறை என்று சில வாரங்கள் விடாமல் போன பிறகே இடைவெளி நீள ஆரம்பித்தது. இது என் கற்பனையோ என்று தேடிப் பார்த்தேன். நாள்பட்ட கழுத்துவலி உள்ள 228 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு 2014-இல் வெளியாகியிருக்கிறது. அரைமணி நேர மசாஜ் எடுத்தவர்களுக்கு ஐந்து வாரம் கழித்தும் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. ஒரு மணி நேரம், வாரம் இரண்டு மூன்று முறை எடுத்தவர்களுக்கு இருந்தது. அதனால் ஒரே ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு "எனக்கு ஒத்துவரவில்லை" என்று சொல்பவர்களின் தீர்ப்பை நான் எடுத்துக்கொள்வதில்லை. செலவும் நேரமும் அதற்கேற்ப ஏறும் என்பதையும் மறைக்கக்கூடாது. எல்லோராலும் முடியாது.

அழுத்தத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால்தான் பலிக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. முழங்கையால் குத்தி, மறுநாள் உடம்பு கன்றிப்போனால் "நல்லா பிடிச்சிருக்காங்க" என்று பாராட்டுகிறோம். என் அனுபவம் நேர்மாறு. வலி எல்லை தாண்டினால் உடம்பு தானாகவே விறைத்துக்கொள்ளும், மூச்சு நின்றுபோகும். விறைத்த தசையை எப்படித் தளர்த்துவது? மூச்சை இயல்பாக விட முடிகிற அளவே எனக்கான எல்லை, அதைத் தாண்டினால் உடனே சொல்லிவிடுவேன். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 401 பேரில் ஒரு பிரிவினருக்குக் குறிப்பிட்ட தசைகளைக் குறிவைத்த மசாஜும் இன்னொரு பிரிவினருக்கு உடம்பைத் தளர்த்தும் சாதாரண மசாஜும் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களைவிட இரண்டு பிரிவினருமே தேறினார்கள், இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் போனபோது அந்தப் பலன் பெரும்பாலும் தேய்ந்திருந்தது என்பதும் அதே ஆய்வில் உண்டு.

மென்மையான நீவலுக்கு ஏன் இந்தப் பலன்? 1965-இல் மெல்சாக், வால் என்ற இருவர் சொன்ன 'கதவுக் கோட்பாடு' ஒரு பதில். தொடுதலையும் அழுத்தத்தையும் கொண்டுபோகும் நரம்பிழைகள் சுறுசுறுப்பாகும்போது, தண்டுவடத்திலேயே வலிச் செய்தி மேலே போவது மட்டுப்படுகிறது. இடித்துக்கொண்ட முழங்காலை நாம் உடனே தேய்ப்பதும் அதனால்தான். மெதுவான வருடலுக்கென்றே தோலில் தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் நீவினால் அவை நன்றாக வேலை செய்யும். மற்றபடி "நச்சுக்கள் வெளியேறும்", "லாக்டிக் அமிலம் கரையும்" என்றெல்லாம் யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். லாக்டிக் அமிலம் உடற்பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் தானாகவே பெரும்பாலும் போய்விடும். பல மாத வலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இனி கால். சயாட்டிகாவுக்குப் பெரும்பாலும் காரணம், கீழ்முதுகில் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு (டிஸ்க்) பிதுங்கி நரம்பின் வேரை அழுத்துவது. எனக்கும் அதுதான். எந்தக் கையும் அந்தத் தட்டை உள்ளே தள்ளாது. அப்படிச் சொல்பவரிடம் நான் போகமாட்டேன். ஆனால் நரம்பு வலிக்கும்போது அதைக் காப்பதற்காக இடுப்பையும் புட்டத்தையும் சுற்றியுள்ள தசைகள் நாள் முழுக்க இறுகியே கிடக்கும். அந்த இறுக்கம் தனி வலி. அதைத்தான் மசாஜ் குறைத்தது. எரிச்சலும் மரத்துப்போவதும் அப்படியே இருந்தன. இருந்தாலும் ராத்திரி புரண்டு படுக்க முடிந்தது, தூக்கம் வந்தது. தூக்கம் கெட்டால் வலி கூடும் என்பது வலியோடு வாழ்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சயாட்டிக் நரம்பு உடம்பிலேயே தடிமனானது. புட்டத்தில் பிரிஃபார்மிஸ் என்ற தசைக்கு அடியில்தான் பெரும்பாலும் வெளிவருகிறது. அங்கே முழங்கையை ஊன்றினால் பாதம் வரை மின்சாரம் பாயும். அது 'முடிச்சு அவிழ்வது' இல்லை, நரம்பு நசுங்குவது. நான் இப்போது பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களுக்கு இடையே தலையணை வைத்துக்கொண்டு, உள்ளங்கையால் மட்டும் நீவச் சொல்கிறேன்.

என் கால்வலி பின்னர் வெகுவாகக் குறைந்தது. அந்தப் பெருமையை மசாஜுக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, தட்டுப் பிதுக்கத்தால் வரும் சயாட்டிகா பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே தணியக்கூடியது.

நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்களின் கதை வேறு. அழுத்தம் அதிகமானாலும் எண்ணெய் சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது என்பதால், சொல்லிவிட்டுத்தான் படுக்க வேண்டும். அக்கி வந்துபோன இடத்தில் தொட்டாலே எரிகிறவர்களுக்கு அந்த இடத்தில் மசாஜே வேண்டாம். ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் இருந்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், கைவைக்கவே கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், எலும்பு மெலியும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்) முற்றியவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும். முதுகுவலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் போனாலோ அன்றே மருத்துவமனை.

தசையைத் தட்டித் தளர்த்தும் கைக்கருவியான மசாஜ் கன் வாங்கினேன். தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் பரவாயில்லை. கழுத்தின் முன்பக்கம், பக்கவாட்டுப் பக்கம் கொண்டுபோக வேண்டாம், பெரிய ரத்தக்குழாய்கள் அங்கேதான் இருக்கின்றன. தோளுக்கு, சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் வைத்து உருட்டும் டென்னிஸ் பந்தே போதுமானதாக இருக்கிறது.

உண்மையில் என் கழுத்தைக் காப்பாற்றியது மசாஜ் கொடுத்த அவகாசம். வலி குறைந்திருக்கும் அந்த ஒன்றிரண்டு நாட்களில்தான் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த பயிற்சிகளைச் செய்ய முடிந்தது: தாடையை உள்ளிழுப்பது, தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்ப்பது, தினசரி நடை. வலியோடு செய்தபோது எல்லாமே பாதியில் நின்றன. நாள்பட்ட முதுகுவலிக்கு அமெரிக்க மருத்துவர் கல்லூரி (American College of Physicians) என்ற மருத்துவர் அமைப்பு 2017-இல் தந்த வழிகாட்டுதலில் உடற்பயிற்சி, யோகா, அக்குபங்சர் எல்லாம் உண்டு. மசாஜ் அந்தப் பட்டியலில் இல்லை, புதிதாக வந்த முதுகுவலிக்கான பட்டியலில்தான் இருக்கிறது. எனக்கு அது சரியாகவே படுகிறது. இப்போது மாதம் ஒரு முறை போகிறேன், வேலை நெருக்கும் மாதங்களில் இரண்டு முறை. பயிற்சியை விட்ட மாதங்களில் மட்டும் எத்தனை முறை போனாலும் போதவில்லை.