மாஸ்ரர் சிலிண்டர் மாற்றிய பிறகு பிறேக் விடவில்லையா? கலிப்பருக்குக் காசு கட்ட முதல் இரண்டு நட்டைத் தளர்த்திப் பாருங்கள்

யாழ்ப்பாணத்தில் கார் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். மாஸ்ரர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிறேக் ஒயிலை அமுக்கிச் சில்லுகளுக்கு அனுப்பும் உருளை) மாற்றிய கார் இரண்டாம் நாளே பிறேக் பிடித்தபடி கராஜுக்குத் திரும்பி வருகிறது. முதலில் கிடைக்கும் பதில், "அண்ணை, புதுச் சாமான்தானே, ஓட ஓடச் சரிவரும்." அடுத்த முறை, "முன் கலிப்பர் ரெண்டும் இறுகிப்போச்சு." கலிப்பர் என்பது சில்லின் டிஸ்கைப் பிடிக்கும் பகுதி. அதையும் மாற்றினால் பூஸ்ரர், அதாவது பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பகுதி, பழுது என்பார்கள். அண்மையில் ஒரு ரொயோட்டா விற்ஸ் காருக்கு இரண்டு கலிப்பரும் ஒரு செற் பிறேக் பாட்டும் (டிஸ்கில் உரசும் கட்டைகள்) வீணாகப் பூட்டி, பூஸ்ரருக்கும் விலை சொல்லியிருக்கிறார்கள். உண்மையான பிழை, பூஸ்ரரிலிருந்து மாஸ்ரர் சிலிண்டரைத் தள்ளும் புஷ்றொட் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீண்டு நின்றது மட்டும்தான்.

பெடலை விட்டதும் மாஸ்ரர் சிலிண்டருக்குள் உள்ள பிஸ்ரன் முழுதாகப் பின்னுக்கு வந்து நிற்க வேண்டும். அப்போதுதான் ரப்பர் கப்புக்கு முன்னால் இருக்கும் ஊசித்துளை திறந்து, குழாயில் நிற்கும் ஒயில் மேலே உள்ள போத்தலுக்குத் திரும்பும். புஷ்றொட் நீளமென்றால் கப் அந்தத் துளையை மூடியபடியே நிற்கும். குளிர்ந்த காரில் ஒன்றும் தெரியாது. ஓட ஓட ஒயில் சூடாகி விரியும். விரிந்தது போக வழியில்லாமல் பாட்டை டிஸ்கோடு அமத்தும். அந்த உரசலில் சூடு இன்னும் ஏறும். கராஜ் வாசலில் நல்லாக இருந்த கார் சுன்னாகம் போய்ச் சேர முதல் கனத்துப் போவது இதனால்தான். எங்கள் பக்கம் தட்டையான நிலம், நியூற்றலில் உருளவிட்டுப் பார்க்க ஒரு இறக்கமும் இல்லை. பெற்றோல் கூடச் செலவாகும்போதோ சில்லில் கருகல் மணம் வரும்போதோதான் பலருக்கு விளங்குகிறது.

இதில் மிக மோசமான ஏமாற்று, கலிப்பரில் எயார் எடுக்கும் நிப்பிளை (ஒயிலில் சேர்ந்த காற்றை வெளியே விடும் திருகை) திறந்து அமுக்கத்தை வெளியே விட்டுவிட்டு, "சரி, கொண்டு போங்கோ" என்று திறப்பைத் தருவது. சில்லு உடனே சுத்தும், நீங்களும் நம்புவீர்கள். அடுத்த ஓட்டத்தில் பழையபடிதான். பின் ட்ரம் சூவை (பின் சில்லைப் பிடிக்கும் பிறேக் கட்டையை) தளர்த்தி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெடல் ஆழத்துக்குப் போகும். பிழை மட்டும் அப்படியே இருக்கும்.

சரியான சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். பிறேக் பிடித்தபடி நிற்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். ஆறவிட்டால் பிழை ஒளிந்துவிடும். பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி ஸ்ராண்டில் இருத்துங்கள். எஞ்சினை நிறுத்தி, பெடலை நாலைந்து தரம் மிதித்துப் பூஸ்ரரின் வக்கியூமை (அதற்குள் நிற்கும் காற்று உறிஞ்சலை) போக்குங்கள். சில்லு சுத்தவில்லை என்பதைக் கையால் உறுதிப்படுத்துங்கள். பிறகு மாஸ்ரர் சிலிண்டரைப் பூஸ்ரரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, சிலிண்டரை 2–3 மில்லிமீற்றர் முன்னுக்கு இழுங்கள். சில்லு விட்டால் பிழை புஷ்றொட்டிலோ பெடலிலோதான். கலிப்பருக்கு ஒரு சதமும் கட்டாதீர்கள்.

விடவில்லை என்றால் சிலிண்டரில் பூட்டியிருக்கும் இரும்புக் குழாய் நட்டைக் கொஞ்சம் தளர்த்துங்கள். அப்போது விட்டால் சிலிண்டருக்குள் துளை அடைத்திருக்கிறது, அல்லது கப் ஊதியிருக்கிறது. அதற்கும் அசையாமல், கலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டால் இடையிலுள்ள ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கலாம். நிப்பிளைத் திறந்தும் சில்லு இறுகியே நின்றால் மாத்திரம் கலிப்பர் பிஸ்ரனையோ கலிப்பர் வழுக்கி நகரும் ஸ்லைட் பின்னையோ குற்றம் சொல்லலாம். திறந்த நட்டை இறுக்கி எயார் எடுக்காமல் காரை ஓட்டக் கூடாது. பெயின்றில் சிந்தும் பிறேக் ஒயிலை உடனே தண்ணீரால் கழுவுங்கள்.

பெடலா புஷ்றொட்டா என்று பிரிப்பதும் லேசு. வக்கியூம் போன பிறகு பெடலை விரலால் அமத்தினால், தடை வருமுன் சிறு ஆட்டம் இருக்க வேண்டும். பல ரொயோட்டாக்களில் 1 முதல் 6 மில்லிமீற்றர். ஆட்டமே இல்லையென்றால் பிறேக் லைற் சுவிச் பெடலை முன்னுக்குத் தள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். ஆட்டம் சரியென்றால், சிலிண்டரைக் கழட்டி, பூஸ்ரர் முகத்திலிருந்து றொட் எவ்வளவு நீள்கிறது, றொட் போய் இருக்கும் பிஸ்ரன் குழி எவ்வளவு ஆழம் என்று வேர்னியர் அளவுகோலால் அளக்க வேண்டும். இடையில் கஸ்கற் இருந்தால் அதன் தடிப்பையும் சேர்க்க வேண்டும். றொட் குழியின் அடியை முட்டித் தள்ளக் கூடாது. விடவேண்டிய இடைவெளி பல கார்களில் அரை மில்லிமீற்றருக்குள்தான். சரியான அளவு அந்தந்த மொடலின் சேவிஸ் புத்தகத்தில் இருக்கும். றொட் நுனியிலுள்ள நட்டைத் திருப்பிச் சரிசெய்யலாம்.

இந்த இடத்தில் சிலர் சிலிண்டருக்கும் பூஸ்ரருக்கும் நடுவில் வொஷர் போடுகிறார்கள். அதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பல ஜப்பான் கார்களில் அந்த மூட்டில் இருக்கும் ஓ-றிங் என்ற ரப்பர் வளையம்தான் வக்கியூமைக் காக்கிறது. வொஷர் போட்டால் அது கசிந்து, பெடல் கல்லுப் போல இறுகும்.

சிலிண்டர் போத்தலில் பவர் ஸ்ரியரிங் ஒயிலோ எஞ்சின் ஒயிலோ ஊற்றியிருந்தால் கதை வேறு. ரப்பர் முழுவதும் ஊதும். மூடியின் உள் ரப்பர் பெருத்துச் சுருண்டிருப்பதே அடையாளம். அப்படியென்றால் ஒயிலோடு தொட்ட ரப்பர் எல்லாம் மாற்றித்தான் ஆக வேண்டும், ஊற்றியவர்தான் அந்தச் செலவைப் பொறுக்க வேண்டும்.

இதை "கொஞ்சம் பிடிக்குது" என்று விடாதீர்கள். டொட் 3 என்ற தரப் பிறேக் ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த எல்லை 140 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, ஏ9 வீதியில் வேகமாக வரும்போது பெடல் ஒரேயடியாகத் தரையில் போய் நிற்கும். சூடேறிய ஒயிலை முழுதாக மாற்றுங்கள். சிறிய காருக்கு ஒரு லீற்றர் காணும்.

வேலைக்குக் கொடுக்க முதலே, கழட்டும் பழைய சிலிண்டர் உங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டின் குழி ஆழத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தால் பிழை அங்கேயே தெரியும். ஏற்கெனவே கலிப்பருக்குக் கட்டியவர்கள் பழைய கலிப்பரைக் கேட்டு வாங்குங்கள். நிப்பிளைத் திறந்துவிட்டு ஜி-கிளாம்பால் அமத்த, பிஸ்ரன் வழுக்கி உள்ளே போனால் அது இறுகிய கலிப்பர் இல்லை. அதைப் படம் எடுத்து, பற்றுச்சீட்டோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடுங்கள், இலக்கம் 1977.