137 முதல் 262 வரை: எந்தக் குறையோடு ஒரு குவாட்டர்பேக்கை எடுக்கலாம்?

2022 ஏப்ரல் 30, சனிக்கிழமை, லாஸ் வேகஸ். அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை வரிசை எண்படி எடுக்கும் டிராஃப்டின் மூன்றாம் நாள். நான்காம் சுற்றிலிருந்து ஏழாம் சுற்று வரை அன்று ஒரே மூச்சில் முடிந்தது. அந்த ஒரு நாளில் ஐந்து குவாட்டர்பேக்குகள் (தாக்குதலை நடத்திப் பந்தை எறிபவர்கள்) எடுக்கப்பட்டார்கள்: பெய்லி ஸாப்பி (137, நியூ இங்கிலாந்து), சாம் ஹவல் (144, வாஷிங்டன்), கிறிஸ் ஒலடோகன் (241, பிட்ஸ்பர்க்), ஸ்கைலர் தாம்சன் (247, மயாமி), பிராக் பர்டி (262, சான் ஃபிரான்சிஸ்கோ). 262 என்பது அந்த ஆண்டின் கடைசி எண். அதற்குப் பிறகு யாருமே இல்லை.

முடிவு எல்லோருக்கும் தெரியும். பர்டி 2023-இல் 4,280 யார்டு, 31 டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) எறிந்து, எறிதலுக்கான மதிப்பெண்ணான பாஸர் ரேட்டிங்கில் 113.0 பெற்று லீகிலேயே முதலிடம் பிடித்தார். அணியை இறுதிப்போட்டியான சூப்பர் பௌல் வரை கொண்டுபோனார். 2025 மே மாதம் ஐந்து ஆண்டுக்கு 265 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும். அவரை எடுத்த சான் ஃபிரான்சிஸ்கோவே அந்த ஆண்டு தன்னிடமிருந்த ஒன்பது வாய்ப்புகளில் எட்டை வேறு ஆட்களுக்குச் செலவழித்துவிட்டு, மிச்சமிருந்த ஒன்றைத்தான் அவருக்குக் கொடுத்தது. ஆகவே, 2022 ஏப்ரலில் கல்லூரி ஆட்டங்களின் பதிவில் என்ன தெரிந்தது என்பதிலிருந்து தொடங்குவதே நியாயம்.

கடைசிச் சுற்றுகளுக்கு வரும் எந்த குவாட்டர்பேக்கும் குறையில்லாமல் வருவதில்லை. குறை இல்லையென்றால் முதல் சுற்று நடந்த வியாழக்கிழமையே போயிருப்பார். அதனால் இந்த இடத்தில் திறமைகளை ஒப்பிடுவதைவிடக் குறைகளை ஒப்பிடுவதுதான் பயன் தரும். இவருடைய குறை ஆட்டத்திட்டத்தால் மறைக்கக்கூடியதா, எந்த அணிக்குப் போனாலும் கூடவே வருவதா?

ஏழாம் சுற்று ஆளுக்குக் கிடைக்கும் பயிற்சி

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு எடை என்பது பயிற்சி மைதானத்தைப் பார்த்தால் புரியும். சீசன் தொடங்கிவிட்டால் சொந்த அணியின் ஆட்டங்களை ஏறக்குறைய முழுவதுமாக முதல் குவாட்டர்பேக்தான் ஓட்டுவார். மூன்றாமவருக்குக் கிடைப்பது ஸ்கவுட் டீம் வேலை: அடுத்த வாரம் மோதப்போகும் எதிரணியின் ஆட்டத்தைப் பயிற்சியாளர் ஒரு அட்டையில் வரைந்து காட்டுவார், அதைப் பார்த்து, தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி ஆகும்படி எறிய வேண்டும். சொந்த அணியின் ஆட்டத்தைக் கண்ணால் படிக்கலாம், கையால் பழக முடியாது. ஆக, கல்லூரியிலிருந்து வரும்போது கால் தாளமும் கண் வேகமும் ஏற்கெனவே படிந்திருக்க வேண்டும். 'இரண்டு வருடத்தில் சரி செய்துவிடலாம்' என்ற கணக்கு முதல் சுற்று ஆளுக்குத்தான் பொருந்தும்.

ஒலடோகன் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது. சவுத் ஃபுளோரிடா, சாம்ஃபோர்ட், சவுத் டகோடா ஸ்டேட் என்று மூன்று கல்லூரிகளில் ஆடியவர். அவரை எடுத்த பிட்ஸ்பர்க்கில் அந்த வருடமே முதல் சுற்றில் வந்த கென்னி பிக்கட், மிட்ச் ட்ருபிஸ்கி, மேசன் ருடால்ஃப் என்று மூவர் முன்னால் நின்றார்கள். முகாமில் பந்தை எறியவே போதிய வாய்ப்பில்லை, வெளியே விட்டார்கள், கன்ஸாஸ் சிட்டியின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். அவர் நல்லவரா இல்லையா என்பதைச் சோதிக்கக்கூட அங்கே வழியில்லை. வரிசையில் ஏற்கெனவே மூன்று பேர் இருக்கும்போது நான்காமவருக்கு ஒரு டிராஃப்ட் எண்ணைச் செலவிடுவது வீண். அது அணியின் தவறு.

எண்கள் எங்கே ஏமாற்றுகின்றன

2021 சீசனை மட்டும் எடுத்துக்கொள்வோம். வெஸ்டர்ன் கென்டக்கியில் ஸாப்பி 5,967 யார்டு, 62 டச்டவுன். இரண்டுமே கல்லூரி ஆட்டத்தின் முதல்நிலைப் பிரிவில் ஒரு சீசனுக்கான சாதனை. ஆனால் அவர் எறிந்தது 686 முறை, 14 ஆட்டங்களில், ஆட்டத்துக்கு 49. ஓர் எறிக்கு 8.7 யார்டு. நார்த் கரோலினாவின் ஹவல் 347 எறியில் 3,056 யார்டு, அதாவது 8.8. அயோவா ஸ்டேட்டின் பர்டி 407 எறியில் 3,188, அதாவது 7.8. வெறும் சராசரியைப் பார்த்தால் மூவரில் பர்டிதான் கடைசி.

ஸாப்பியின் எண்களுக்குப் பின்னால் ஒரு விஷயம் உண்டு. ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து அவர் மாறியபோது தாக்குதல் திட்டத்தை வகுத்த ஸாக் கிட்லியும், பந்தைப் பிடிக்கும் நம்பிக்கையான ரிசீவர் ஜெரத் ஸ்டர்ன்ஸும் கூடவே வெஸ்டர்ன் கென்டக்கிக்கு வந்தார்கள். திட்டம் பழையது, கை பழையது, பிடிப்பவர் பழையவர். எதிரே நிற்பவர்கள்தான் புதியவர்கள். அந்த எண்கள் பழக்கத்தின் அளவைக் காட்டின, படிக்கும் திறனை அல்ல.

2022 அக்டோபரில் இது அப்படியே வெளிப்பட்டது. முதல் குவாட்டர்பேக் மேக் ஜோன்ஸ் காயத்தால் ஸாப்பி இறங்கினார். டெட்ராய்ட்டை 29-0, கிளீவ்லாண்டை 38-15 என்று நியூ இங்கிலாந்து வென்றது. கிளீவ்லாண்டுக்கு எதிராக அவர் 309 யார்டு எறிந்தார். அடுத்து சிகாகோ. பெஞ்சிலிருந்து வந்து முதல் இரண்டு முறையும் அணியை டச்டவுனுக்குக் கொண்டுபோனார். பிறகு இரண்டு இன்டர்செப்ஷன் (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொள்வது), 33-14 தோல்வி. எதிரணிகள் பதிவைப் பார்த்துப் படிக்க மூன்று வாரம் போதுமானதாக இருந்தது. எளிய முதல் வாசிப்பு, அதாவது முதலில் பார்க்க வேண்டிய ரிசீவர், அடைக்கப்பட்டதும் இரண்டாவது இடத்துக்கு இறுக்கமாக எறியும் வேகம் கையில் இல்லை. மாற்று ஆளாக மூன்று வாரம் ஓட்டுவதற்கு அவர் சரியான தேர்வுதான். நான்காம் சுற்று விலைக்கு அது கொஞ்சம் அதிகம்.

ஹவலும் பர்டியும்

உண்மையான போட்டி இந்த இருவருக்குள்தான். உயரத்தில் வித்தியாசமே இல்லை: இருவரும் ஆறடிக்கும் ஆறடி ஓரங்குலத்துக்கும் இடையில். கை அளவும் ஏறக்குறைய ஒன்று: ஹவலுக்கு 9 1/8 அங்குலம், பர்டிக்கு 9 1/4. (கை அளவுக்காக ஒருவரைக் கீழே தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதே ஆண்டு 20-ஆம் எண்ணில் போன பிக்கட்டின் கை 8 1/2 அங்குலம்.) எறி வலிமையில் ஹவல் சந்தேகமில்லாமல் முன்னால், ஓட்டத்திலும் அப்படியே, 2021-இல் 828 யார்டு ஓடியிருக்கிறார். அவர் முதல் சுற்றிலேயே போவார் என்று 2021 கோடையில் பேசியவர்கள் ஏராளம்.

அந்த சீசனின் முதல் ஆட்டத்திலேயே விரிசல் தெரிந்தது. வர்ஜீனியா டெக்கிடம் 17-10 தோல்வி: மூன்று இன்டர்செப்ஷன், ஆறு சாக் (எறியும் முன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது). முந்தைய ஆண்டின் நல்ல ரிசீவர்களும் ஓட்டக்காரர்களும் போய்விட்டார்கள் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஆறையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்க வேண்டும்: எது குவாட்டர்பேக்கைக் காக்கும் தடுப்பு வரிசையின் தோல்வி, எது பந்தைக் கையிலேயே வைத்திருந்ததால் வந்தது? பெரிய எறிக்காகக் காத்திருக்கும் பழக்கம் அங்கே இருந்தது.

அந்தப் பழக்கம் வாஷிங்டனுக்கும் கூடவே வந்தது. 2023-இல் 17 ஆட்டங்களிலும் தொடங்கினார். 612 எறி, லீகிலேயே அதிகம். 21 இன்டர்செப்ஷன், அதுவும் அதிகம். 65 சாக், அதுவும் அதிகம். பஃபலோவிடம் 37-3 என்று தோற்ற ஒரே நாளில் ஒன்பது சாக், நான்கு இன்டர்செப்ஷன். கணக்கு எளிது: சாக்கை, எறியும் சாக்கும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். ஹவலுக்கு 65-ஐ 677-ஆல் வகுத்தால் 9.6 சதவீதம். அதே ஆண்டு பர்டிக்கு 28-ஐ 472-ஆல் வகுத்தால் 5.9.

தடுப்பு வரிசை பலவீனம் என்று சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அதே வரிசைக்குப் பின்னால், அந்த டிசம்பரில் ஹவலுக்குப் பதில் இரண்டு ஆட்டங்களில் இறங்கிய ஜக்கோபி பிரிசெட் 23 எறியில் 18-ஐச் சேர்த்து, மூன்று டச்டவுனும் எறிந்தார். மாதிரி சிறியதுதான். இருந்தாலும் சாக்கில் பாதி குவாட்டர்பேக்கின் கையில் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

பர்டியின் குறை வேறு ரகம். எறி வலிமை சராசரி. நெருக்கடியில் எறியக்கூடாத பந்தை நம்பிக்கையோடு எறிந்துவிடுவார். 2021 செப்டம்பரில் அயோவாவிடம் மூன்று இன்டர்செப்ஷன் கொடுத்து ஆட்டத்தின் நடுவிலேயே வெளியே உட்கார வைக்கப்பட்டார். இதுவும் என்எஃப்எல்லுக்குக் கூடவே வந்த குறைதான்; 2023 கிறிஸ்துமஸ் இரவு பால்டிமோரிடம் நான்கு இன்டர்செப்ஷன், 33-19 தோல்வி. ஆனால் இரண்டு குறைகளும் ஒன்றல்ல. துணிந்து எறிந்து தவறுபவர் நேரத்துக்கு எறிகிறார். பந்து போக வேண்டிய இடத்தைப் பார்த்துவிட்டார், எதிரணித் தடுப்பில் நடுவில் நிற்கும் ஒரு லைன்பேக்கரை மட்டும் கணக்கில் விட்டுவிட்டார். அதைப் பதிவில் காட்டித் திருத்தலாம், குறைக்கலாம். காத்திருந்து வீழ்பவருக்கு எங்கே எறிவது என்பதே தாமதமாகத் தெரிகிறது. ஸ்கவுட் டீம் அட்டையைப் பார்த்து எறிந்து அது சரியாவதில்லை.

பர்டியிடம் மெய்யாகவே மதிப்புள்ளது என்று பதிவில் தெரிந்தது, நடு மைதானத்தில் 10 முதல் 20 யார்டு எறிகள். சார்லி கோலர் போன்ற டைட் எண்டுகளை (தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்பவர்கள்) வைத்து ஆடிய அயோவா ஸ்டேட்டில் அவர் நான்கு ஆண்டு இதையே செய்தார். ஐந்து எட்டு பின்வாங்கி, பின்னங்கால் ஊன்றிய நொடியிலேயே, ரிசீவர் திரும்பும் முன் பந்து கையைவிட்டுப் போகும். சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹானின் திட்டத்துக்கு வேண்டியது அச்சு அசலாக அதுதான். அறுபது யார்டு எறியும் கை அங்கே அவ்வளவு அடிக்கடி தேவைப்படாது. வேறொரு அணியில், பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி நீளமாக எறியச் சொல்லும் திட்டத்தில், இதே பர்டி மாற்று ஆளாகவே தங்கியிருக்கலாம். ஆகவே 262-ஆம் எண் முழு மடத்தனம் என்றும் சொல்ல முடியாது.

ஒரே திட்டம், இரண்டு ஆட்கள்

'திட்டம்தான் எல்லாம்' என்பவர்களுக்கு தாம்சனைக் காட்டலாம். அப்போது மயாமியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த மைக் மெக்டேனியல், ஷனஹானிடம் பல ஆண்டு வேலை பார்த்து வந்தவர். திட்டம் அதே குடும்பம். 2023 ஜனவரி 14 அன்று பர்டி சியாட்டிலுக்கு எதிராக 30-க்கு 18: 332 யார்டு, மூன்று டச்டவுன் எறி, 41-23 வெற்றி. மறுநாள் பஃபலோவில் தாம்சன் 45-க்கு 18: 220 யார்டு, ஒரு டச்டவுன், இரண்டு இன்டர்செப்ஷன், 34-31 தோல்வி. சேர்த்தது இருவரும் 18 தான். அதற்குச் செலவான எறிகளைப் பாருங்கள்.

தாம்சனுக்கு நியாயமும் செய்ய வேண்டும். வெளியூர் மைதானம், எதிரே வலுவான அணி, கன்ஸாஸ் ஸ்டேட்டில் கடைசி இரண்டு ஆண்டும் காயத்தால் அறுபட்ட பயிற்சி. அன்று மயாமிக்கு ஆட்டக் கடிகாரமே எதிரியாக இருந்தது. கடைசி நிமிடங்களில் நான்காம் டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் கடைசி), ஒரு யார்டு தேவை, ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) தாமதமாகி ஐந்து யார்டு அபராதம், தேவை ஆறானது, எறி சேரவில்லை. அந்தத் தாமதம் பக்கக்கோட்டில் தொடங்கிய குழப்பம், அவரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஹெல்மெட் ஸ்பீக்கரில் வரும் பதினைந்து சொல் ஆட்டப்பெயரைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, வரிசையில் நிறுத்தி, கடிகாரத்தில் பத்து நொடி மிச்சம் வைப்பது இந்தத் திட்டத்தில் பாதி வேலை. கல்லூரிப் பதிவில் இது தெரியாது. நேர்காணலில் ஓர் ஆட்டப்பெயரைச் சொல்லி, பத்து நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டால் தெரியும்.

பதிவை எப்படிப் பார்ப்பது

நான்கு ஆட்டம் போதும்: மிக வலுவான இரு எதிரணிகள், ஒரு மோசமான தோல்வி, ஒரு சாதாரண நாள். மைதானம் முழுவதும் தெரியும் உயர்கோணப் பதிவு வேண்டும்; தொலைக்காட்சிப் பதிவில் ரிசீவர் எப்போது திரும்பினார் என்பதே தெரியாது. ஆட்டம் தொடங்கும் கோட்டுக்குப் பின்னால் முடியும் ஸ்க்ரீன் எறிகளை முதலில் கழிக்க வேண்டும். மூன்று டச்டவுன் முன்னிலைக்குப் பிறகு நடந்ததையும் கழிக்கலாம். மிச்சத்தில் மூன்றாம் டவுன், ஏழு யார்டுக்கு மேல் தேவைப்பட்டவற்றைத் தனியாக எடுத்து, ஸ்னாப்பிலிருந்து 2.5 நொடியில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பந்து கிளம்பிவிட்டதா? இல்லையென்றால் கண் எத்தனையாவது ரிசீவரில் இருக்கிறது? கால் கண்ணோடு சேர்ந்து திரும்புகிறதா, முதல் ரிசீவரை நோக்கியே உறைந்திருக்கிறதா? இறுதியில் ஒவ்வொரு சாக்குக்கும் ஒவ்வொரு இன்டர்செப்ஷனுக்கும் ஒரே சொல்லில் காரணம் எழுத வேண்டும்: வரிசை, தாமதம், பார்வை, கை, துணிச்சல். 'தாமதம்' என்பது மற்றவற்றைவிட அதிகமாக இருந்தால் அந்தப் பெயரை ஐந்தாம் சுற்றுக்கு முன் எடுக்க மாட்டேன்.

2023-இல் வந்த விதி மாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த ஜனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் பர்டிக்கு முழங்கைத் தசைநார் கிழிந்து, மாற்று ஆள் ஜோஷ் ஜான்சனும் காயப்பட்டு, சான் ஃபிரான்சிஸ்கோவிடம் எறிய ஆளே இல்லாமல் போனது. அதன் பிறகு அவசரத்துக்கு மூன்றாவது குவாட்டர்பேக்கை ஆட்டநாள் பட்டியலுக்கு வெளியே தயாராக வைத்துக்கொள்ள லீக் அனுமதித்தது. மூன்றாமவரை வைத்திருப்பதன் செலவு இதனால் குறைந்தது; ஏழாம் சுற்றில் ஒருவரை எடுக்க முன்பைவிட நல்ல காரணம் இப்போது உண்டு.

2022 ஏப்ரலில் தெரிந்ததை மட்டும் வைத்து என் வரிசை: பர்டி ஐந்தாம் சுற்று, அதுவும் நடு மைதானத்தில் எறியும் அணிக்கு மட்டும், ஹவலும் ஐந்தாம் சுற்றுதான், ஆனால் முதல் ஆண்டு முழுக்க உட்கார வைக்கும் பொறுமை உள்ள அணிக்கு, ஸாப்பி ஆறு, தாம்சன் மருத்துவ அறிக்கை சரியாக இருந்தால் ஏழு. ஒலடோகனுக்கு எண் செலவிடாமல், டிராஃப்ட் முடிந்த மாலையே தொலைபேசியில் அழைத்து, குவாட்டர்பேக் பட்டியலில் இடம் காலியாக இருக்கும் அணி நாங்கள்தான் என்று சொல்லியிருப்பேன்.